போனில் தட்டினால் கேட் லைட் எரிவது எப்படி?

“தம்பி, போன்லயே எரியும்னு சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தாரு. சுவத்துல இருக்குற சுவிட்ச அணைச்சுட்டா போன்ல ஆஃப்லைன்னு காட்டுது. டூப்ளிகேட் மாலா இருக்குமோ?”

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கேட்டது இது. மால் ஒரிஜினல்தான், சுவிட்சை அணைத்ததுதான் சிக்கல். ஆனால் அவரைக் குறை சொல்ல முடியாது. கேட் லைட், போர்டிகோ லைட், காம்பவுண்டுச் சுவர் விளக்கு, மொட்டை மாடி ஃபோகஸ் லைட் இவற்றையெல்லாம் ‘ஸ்மார்ட்’ ஆக்குவது பற்றிப் பேசாதவர் இல்லை. அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்பவர்தான் குறைவு. வயரே தேவையில்லை என்கிறார் ஒருவர். நெட் போனால் வீடே இருட்டு என்கிறார் இன்னொருவர். கரன்ட் பில் பாதியாகும் என்கிறது விளம்பரம். மூன்றும் அரைகுறை.

## கரன்ட் ஒரு வழி, கட்டளை ஒரு வழி

ஏரிப் பாசன ஊர்களில் நீர்கட்டி என்று ஒருவர் இருப்பார். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று ஊர் முடிவு செய்யும். சேதி காதில் விழுந்ததும் அவர் போய் மடையைத் திறப்பார். தண்ணீர் வருவது வாய்க்கால் வழியாக, சேதி வருவது ஆள் வழியாக. ஏரி வறண்டு கிடந்தால் எவ்வளவு சேதி வந்தும் பயனில்லை. ஏரி நிரம்பி வழிந்தாலும் நீர்கட்டிக்குச் சேதி எட்டவில்லை என்றால் மடை அடைத்தபடிதான் கிடக்கும்.

ஸ்மார்ட் விளக்கும் இதே ஏற்பாடுதான். 230 வோல்ட் மின்சாரம் எப்போதும் போல மீட்டரிலிருந்து வயர் வழியாகவே விளக்குக்குப் போகிறது. வைஃபையில் வருவது சேதி மட்டும்: ‘எரி’, ‘அணை’. வைஃபை அலையில் இருக்கும் சக்தியைக் கொண்டு ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பைக்கூட எரிக்க முடியாது.

நடுவில் நிற்கும் நீர்கட்டி யார்? சுவிட்சோடு சேர்த்து மாட்டும் குட்டிப் பெட்டியான ஸ்மார்ட் சுவிட்ச் மாட்யூலைத் திறந்து பார்த்தால் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு பச்சைப் பலகை இருக்கும். அதில் மூன்று பகுதிகள். ஒன்று, சேதியைக் கேட்கும் வைஃபை சில்லு. எஸ்பிரெசிஃப் என்ற சீன நிறுவனம் 2014இல் ஈஎஸ்பி8266 என்ற மலிவான சில்லைக் கொண்டுவந்த பிறகுதான் இந்தச் சாமான்களின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும்படி ஆனது. இரண்டு, ரிலே. சின்னக் காந்தச் சுருளால் இயங்கும் சுவிட்ச்தான் ரிலே. சுருளில் சிறு மின்னோட்டம் பாய்ந்ததும் அது காந்தமாகி உள்ளே இருக்கும் தகட்டை இழுக்கும், தகடு இன்னொரு முனையில் ஒட்டும், விளக்குக்குப் போகும் பாதை இணைந்துவிடும். போனில் தட்டியதும் போர்டுக்குள்ளிருந்து வரும் ‘டிக்’ சத்தம் அந்தத் தகடு ஒட்டுகிற சத்தம். மூன்றாவது, சில்லுக்கும் ரிலேவுக்கும் வேண்டிய சில வோல்ட் மின்சாரத்தை 230 வோல்ட்டிலிருந்து இறக்கித் தரும் குட்டி பவர் சப்ளை.

பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இந்த மூன்றாவதில்தான். மடை அடைத்திருக்கும் நாளிலும் நீர்கட்டிக்குச் சோறு போட்டாக வேண்டும். பட்டினி கிடப்பவர் சேதி வந்தாலும் எழுந்து வரமாட்டார். அதே போல, விளக்கு அணைந்திருக்கும்போதும் அந்தச் சில்லுக்குக் கரன்ட் வந்துகொண்டே இருக்க வேண்டும். பெரியவர் வாங்கியது ஸ்மார்ட் பல்ப். சில்லு பல்புக்குள்ளேயே இருக்கிறது. சுவரில் சுவிட்சை அணைத்தால் வெளிச்சத்தோடு சேர்ந்து சில்லும் செத்துவிடும். அப்புறம் போன் யாரிடம் பேசும்?

இதுவரை சொன்னதன் சாரம்: விளக்குக்கு மின்சாரம் தனி, கட்டளை தனி. கட்டளையைக் கேட்கும் சில்லுக்கு 24 மணி நேரமும் சிறிதளவு மின்சாரம் வேண்டும். விளக்கு எரியவில்லையா? எந்த வழி அடைபட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

## சில்லை எங்கே வைப்பது?

கடையில் போய் ‘ஸ்மார்ட் லைட் கொடுங்க’ என்று கேட்பவர் உண்மையில் எடுக்கவேண்டிய முடிவு இது ஒன்றுதான். பிராண்ட், ஆப், வண்ணம் எல்லாம் அதற்குப் பிறகு.

பல்புக்குள் வைப்பது சுலபம். பழைய பல்பைக் கழற்றி இதை மாட்டினால் வேலை முடிந்தது, எலக்ட்ரீஷியனே வேண்டாம். படுக்கையறைக்கு நன்றாக இருக்கும். வீட்டுக்கு வெளியே எனக்கு இது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கேட் தூணின் மேல் உருண்டைக் கண்ணாடிக் கூண்டுக்குள் பல்ப் இருக்கிறது; காற்றோட்டம் கிடையாது. பகலெல்லாம் வெயில் காய்ச்சி, இரவில் தன் சூடும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் சீக்கிரம் கெட்டுப்போகும். போதாததற்கு, கேட் வரை வைஃபை எட்டுவதே சிரமம். நம் வீடுகள் செங்கல்லும் கான்கிரீட்டும்; ஜன்னலுக்கு இரும்புக் கம்பி, போர்டிகோவுக்கு கிரில். ஹாலில் இருக்கும் ரவுட்டரின் அலை இத்தனையும் தாண்டி வர வேண்டும்.

சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் வைப்பது இரண்டாவது வழி. வெளிவிளக்குக்கு நான் சொல்வது இதுதான். மாட்யூல் வீட்டுக்குள் இருப்பதால் மழையும் வெயிலும் படாது, ரவுட்டரும் பக்கத்தில் இருக்கும். கேட்டில் பழைய சாதாரண எல்இடி பல்பே எரியலாம். கெட்டுப்போனால் மளிகைக் கடையிலேயே வேறு வாங்கிக்கொள்ளலாம். சுவர் சுவிட்சின் வயரை மாட்யூலில் அதற்கென உள்ள முனைகளில் கொடுத்துவிட்டால், பாட்டி சுவிட்சைத் தட்டினாலும் எரியும், பேரன் போனில் தட்டினாலும் எரியும். வீட்டில் எல்லாரிடமும் அந்த ஆப் இருக்காது, இருக்கவும் வேண்டியதில்லை.

மூன்றாவது ஸ்மார்ட் பிளக். பிளக் பாயின்ட்டில் செருகும் பெட்டிக்குள்ளேயே சில்லு இருக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மாடியிலிருந்து தொங்கவிடும் சீரியல் செட்டுக்கு இது போதும். பிளக் மட்டும் வீட்டுக்குள் இருக்கட்டும்.

## நியூட்ரல் இருக்கிறதா?

போர்டுக்குப் பின்னால் மாட்யூல் வைக்கப்போகிறவரிடம் எலக்ட்ரீஷியன் கேட்கும் முதல் கேள்வி இது. கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

மின்சாரம் ஒரு வயரில் வந்து இன்னொரு வயரில் திரும்பிப் போக வேண்டும். வருவது ஃபேஸ், திரும்புவது நியூட்ரல். சாதாரண சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டி ஒட்டும். அதனால் வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள பாக்ஸுக்கு ஃபேஸ் வந்திருக்கும், விளக்குக்குப் போகும் வயர் கிளம்பியிருக்கும், நியூட்ரல் வந்திருக்காது. அது நேரே விளக்குக்குப் போயிருக்கும். மாட்யூலின் சில்லுக்கோ ஃபேஸும் வேண்டும், நியூட்ரலும் வேண்டும். இரண்டும் இருந்தால்தான் மின்சாரம் சுற்றி வர முடியும்.

நல்ல வேளையாக, நம் ஊர் போர்டுகளில் நாலு சுவிட்சுக்கு ஒரு பிளக் பாயின்ட் வைப்பது வழக்கம். பிளக் பாயின்ட் இருந்தால் அதன் பின்னால் நியூட்ரல் கட்டாயம் இருக்கும். கேட்டுக்குப் பக்கத்திலோ மாடிப்படியிலோ தனியாக நிற்கும் ஒற்றைச் சுவிட்சில்தான் தகராறு. பாக்ஸைத் திறந்தால் ஒரு கறுப்பு வயர் தெரியலாம். கறுப்பு என்றால் நியூட்ரல் என்பது நம் ஊர் வழக்கம்தான். ஆனால் கையில் கிடைத்த வயரை இழுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அந்தக் கறுப்பு, விளக்குக்குப் போகும் வயராகவே இருக்கலாம். நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நியூட்ரல் இல்லாமலே வேலை செய்யும் சுவிட்சுகளும் விற்கின்றன. அவை விளக்கின் வழியாகவே மிகச் சிறிய மின்னோட்டத்தை விட்டு, அதைக் கொண்டு சில்லை உயிரோடு வைத்திருக்கும். குண்டு பல்ப் காலத்தில் இது யார் கண்ணுக்கும் தெரியாது. எல்இடிக்கு அந்தத் துளி மின்சாரமே போதும். அணைத்த பிறகும் மங்கலாக மினுங்கும், சில நேரம் விட்டுவிட்டுக் கண் சிமிட்டும். ‘பேய் லைட்’ என்று கேலி பேசுவார்கள். சுவிட்சோடு வரும் சின்னக் கெபாசிட்டரை விளக்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே பொருத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்தத் துளி மின்னோட்டம் விளக்குக்குள் போகாமல் கெபாசிட்டர் வழியாகப் போய்விடும்.

பக்கத்து போர்டிலிருந்து நியூட்ரல் இழுக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஃபேஸ் எந்த சர்க்யூட்டிலிருந்து வருகிறதோ அதே சர்க்யூட்டின் நியூட்ரல்தான் வேண்டும். ஃபேஸ் இன்வெர்ட்டர் லைனிலிருந்தும் நியூட்ரல் மெயின் லைனிலிருந்தும் வந்தால் ஆர்சிசிபி டிரிப் ஆகலாம். ஆர்சிசிபி என்பது போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருந்து, வித்தியாசம் வந்தால் லைனை வெட்டிவிடும் பாதுகாப்பு சுவிட்ச். ஒரு வழியில் போய் வேறு வழியில் திரும்பினால் எங்கோ மின்சாரம் கசிகிறது என்றுதான் அதற்குத் தோன்றும். ‘ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டினதிலிருந்து வீடே டிரிப் ஆகுது’ என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சுருக்கமாக: போர்டில் நியூட்ரல் இருந்தால் எந்த மாட்யூலும் சரி. இல்லையென்றால் அதற்கென உள்ள சுவிட்சும் கெபாசிட்டரும். வேறு சர்க்யூட்டிலிருந்து கடன் வாங்கிய நியூட்ரல் மட்டும் வேண்டாம்.

## சேதி எந்த வழியாக வருகிறது?

ஆபீசில் இருந்தபடி போனில் தட்டுகிறீர்கள். சேதி டவருக்குப் போய், இணையம் வழியாக விளக்குக் கம்பெனியின் சர்வருக்குப் போகிறது. உங்கள் வீட்டு மாட்யூல் அந்த சர்வரோடு எப்போதும் தொடர்பில் இருக்கும். சர்வர் சொன்னதும் சேதி ஃபைபர் வழியாக வீட்டு ரவுட்டருக்கு வந்து, அங்கிருந்து வைஃபையில் மாட்யூலை எட்டும். இத்தனை ஊர் சுற்றியும் ஒரு நொடிக்குள் ‘டிக்’ கேட்கும்.

வீட்டுக்குள் சோபாவில் உட்கார்ந்து தட்டினாலும் இப்படியே ஊர் சுற்றி வரும் சாமான்களும் உண்டு. அதனால்தான் சில வீடுகளில் நெட் போனதும் ஆப் கையை விரிக்கிறது. வேறு சில சாமான்கள், போனும் மாட்யூலும் ஒரே வைஃபையில் இருந்தால் நேராகப் பேசிக்கொள்ளும். நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. வெவ்வேறு கம்பெனிச் சாமான்கள் வீட்டுக்குள்ளேயே ஒரே மொழியில் பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்காக ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் எல்லாம் சேர்ந்து உருவாக்கிய பொது விதிமுறைக்கு மேட்டர் என்று பெயர். அதன் முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வெளிவந்தது. பெட்டியில் அந்தப் பெயர் இருந்தால் நெட் இல்லாமலும் வீட்டுக்குள் இயக்கலாம் என்று எதிர்பார்க்கலாம். எப்படியிருந்தாலும் போர்டுக்குப் பின்னால் மாட்யூல் வைத்தவருக்குச் சுவர் சுவிட்ச் இருக்கவே இருக்கிறது. நெட் போனால் இருட்டில் நிற்பது, கட்டளைக்கு ஒரே ஒரு வழி மட்டும் வைத்திருப்பவர்.

முதல் நாளே பலருக்குத் தலைவலி தரும் விஷயம் ஒன்று உண்டு. வைஃபை ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் ஒலிபரப்பும். 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் சோம்பேறி. 2.4 வேகம் குறைந்தாலும் தூரம் போகும். ஸ்மார்ட் விளக்குச் சாமான்களில் பெரும்பாலானவை 2.4இல் மட்டும்தான் பேசும். பல்ப் ஆப்பில் சேரவே மாட்டேன் என்கிறதா? ரவுட்டரில் 2.4 அணைந்திருக்கிறதா, போன் 5இல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. 2016இல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுவதும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது, கம்பெனி வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான். ரவுட்டர் பாஸ்வேர்டை மாற்றுங்கள்; ஆப் கேட்கும் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

## தானாக எரிய வைப்பது

போனில் தட்டி எரிப்பது முதல் வாரத்து விளையாட்டு. அப்புறம் யாரும் தட்டுவதில்லை. உண்மையில் பயன்படுவது தானாக எரிந்து தானாக அணைவதுதான்.

ஆறு மணிக்கு எரி என்று டைமர் வைக்கலாம். ஆனால் சென்னையில் நவம்பர் கடைசியில் 5.40 வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். ஜூலைத் தொடக்கத்தில் 6.40 ஆகும். ஒரு மணி நேர வித்தியாசம். அதனால் ஆப்பில் நேரத்துக்குப் பதில் ‘சூரிய அஸ்தமனம்’ என்று தேர்ந்தெடுங்கள். ஊர் எது என்று தெரிந்தால் அன்றன்றைய நேரத்தை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

எந்த ஆப்பும் இல்லாமல் இதைச் செய்யும் பழைய முறை எல்டிஆர் சென்சார். வெளிச்சம் பட்டால் மின்தடை குறைந்து, இருட்டில் மின்தடை கூடும் ஒரு சின்ன வில்லை அது. தெருவிளக்குக் கம்பங்களில் பார்த்திருப்பீர்கள். இதைப் பொருத்தும் இடம் முக்கியம். தான் இயக்கும் விளக்கின் வெளிச்சமே தன்மேல் படும்படி வைத்துவிட்டால் வேடிக்கைதான்: இருட்டியதும் விளக்கு எரியும், வெளிச்சம் பட்டதும் விடிந்துவிட்டது என்று நினைத்து அணைக்கும், உடனே இருட்டும், மறுபடி எரியும். ராத்திரி முழுக்க இதே கதை.

ஆள் வந்தால் மட்டும் எரிய வேண்டும் என்றால் பிஐஆர் சென்சார். பாதிப் பிங்பாங் பந்து போல வெள்ளைக் குமிழோடு இருக்கும். இது எதையும் அனுப்புவதில்லை. உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிர் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்வதைக் கவனிக்கிறது, அவ்வளவுதான். அந்த வெள்ளைக் குமிழ், எதிரே உள்ள இடத்தைப் பல கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் லென்ஸ். இது தெரிந்தால் பொருத்தும் முறையும் புரிந்துவிடும். நேரே சென்சாரை நோக்கி நடந்து வருபவரை அது தாமதமாகத்தான் கண்டுகொள்ளும், குறுக்கே கடப்பவரைச் சட்டென்று பிடிக்கும். ஆகவே கேட்டைப் பார்த்து நேராக வைக்காமல், நடைபாதைக்குப் பக்கவாட்டில் வையுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கும் இதற்கும் ஒரு பூசல் உண்டு. சென்சார் பார்ப்பது உடம்புக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை. மே மாதம், பகலெல்லாம் காய்ந்த சுவரும் தரையும் சாயங்காலத்திலும் உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்போது, பெட்டியில் போட்டிருக்கும் தூரத்துக்கு அதன் கண் எட்டாது. மார்கழியில் நன்றாக வேலை செய்தது சித்திரையில் மந்தமானால் சென்சார் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சில நேரம் எதிர்ப்பாட்டு: யாரும் இல்லாமலே எரிந்து எரிந்து அணையும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் குமிழின் மேலேயே ஒரு பல்லி, விளக்குக்கு வரும் பூச்சிக்காகக் காத்திருக்கும். லென்ஸுக்கு அவ்வளவு பக்கத்தில் வாலை ஆட்டினால், சென்சாருக்கு அது தூரத்தில் ஒரு ஆள் நடப்பது போலத்தான்.

பிஐஆர் சென்சார் உள்ளேயே இருக்கும் பல்ப் ஹோல்டரில் ஸ்மார்ட் பல்பை மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஒரே வாய்க்காலுக்கு இரண்டு நீர்கட்டி போட்டது போல. ஆள் இல்லாதபோது சென்சார் மின்சாரத்தையே வெட்டிவிடும். பல்பின் சில்லு அணைந்துவிடும். ஆள் வரும்போதெல்லாம் பல்ப் முதலிலிருந்து வைஃபையைத் தேடத் தொடங்கும். ஒரு விளக்குக்கு ஒரு அதிகாரம் போதும்.

## கரன்ட் போய் வந்தால்

ராத்திரி ரெண்டு மணிக்குப் போன கரன்ட் திரும்ப வருகிறது. உடனே வெளிவிளக்கு எல்லாம் பளிச்சென்று எரிகிறது. யாரும் தட்டவில்லை. பல ஸ்மார்ட் பல்புகள் மின்சாரம் வந்தவுடன் எரிய வேண்டும் என்றே அமைக்கப்பட்டிருக்கும். ஆப் தெரியாதவர்கள் சுவர் சுவிட்சைத் தட்டினாலாவது எரியட்டும் என்ற நல்ல எண்ணம். அமெரிக்காவில் ஒரு வீட்டுக்கு அது பொருந்தலாம். கரன்ட் அடிக்கடி போய் வரும் ஊருக்கு ஒத்துவராது. ஆப் செட்டிங்கில் தேடினால், மின்சாரம் திரும்பியதும் என்ன செய்ய வேண்டும் என்று பெரும்பாலும் மூன்று தேர்வுகள் இருக்கும்: எரி, அணைந்திரு, முன்பிருந்த நிலையிலேயே இரு. வெளிவிளக்குக்கு மூன்றாவது நல்லது.

இன்னொன்றும் நடக்கும். சாயங்காலம் கரன்ட் இல்லாத நேரத்தில் அஸ்தமனம் கடந்துவிட்டால் சில சாமான்கள் அன்றைய முறையைத் தவறவிட்டுவிடும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. இணையத்திடம் மணி கேட்டுத்தான் நேரம் தெரிந்துகொள்ளும். கரன்ட் வந்து, ரவுட்டர் விழித்து, நெட் கிடைத்த பிறகுதான் இப்போது மணி என்ன என்பதே அதற்குத் தெரியும். ஆகவே இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் விளக்குக்கு மட்டும் லைன் கொடுத்தால் போதாது. ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும்கூட இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கு, ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் விற்கிறார்கள்.

## பில் குறையுமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 9 வாட் எல்இடி ஒன்று இரவில் 12 மணி நேரம் எரிந்தால், இரண்டு மாத பில்லில் அதன் பங்கு சுமார் 6.5 யூனிட். விடிந்த பிறகும் அணைக்க மறந்து தினம் 2 மணி நேரம் வீணாக எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வீண் செலவு இரண்டு மாதத்துக்கு 1.08 யூனிட். ஸ்மார்ட் மாட்யூல் அதை மிச்சப்படுத்தும். ஆனால் அந்த மாட்யூலின் சில்லுக்கு 24 மணி நேரமும் சோறு போட வேண்டுமே. அது ஒரு வாட் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 1.44 யூனிட். மிச்சத்தைவிட செலவு அதிகம்!

50 வாட் ஃபோகஸ் லைட் என்றால் கதை வேறு. இரவெல்லாம் எரிந்தால் 36 யூனிட். ஆள் வரும்போது மட்டும் மொத்தம் ஒரு மணி நேரம் எரிந்தால் 3 யூனிட். இங்கே சென்சார் போட்ட காசு திரும்பி வரும். மற்றபடி சின்ன எல்இடிக்கு ஸ்மார்ட் சாமான் வாங்குவது வசதிக்காக. பில்லுக்காக என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

## தோட்டத்தில் 12 வோல்ட்

செடிகளுக்கு நடுவில் குத்திவைக்கும் விளக்கு, படிக்கட்டில் ஒட்டும் எல்இடி ஸ்ட்ரிப் போன்றவை பெரும்பாலும் 12 வோல்ட்டில் எரிபவை. 230 வோல்ட்டை 12க்கு இறக்கும் பெட்டியைக் கடையில் எஸ்எம்பிஎஸ் என்பார்கள். மண்வெட்டி வயரில் பட்டாலும் உயிருக்கு ஆபத்து குறைவு என்பதால் தோட்டத்துக்கு இதுவே நல்லது. ஸ்மார்ட் ஆக்குவதும் எளிது: எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குப் போகும் 230 வோல்ட் லைனில் ஒரு மாட்யூல் வைத்தால் முடிந்தது.

ஆனால் வோல்ட் குறைந்தால் அதே வெளிச்சத்துக்கு ஆம்பியர் கூட வேண்டும். 60 வாட் ஸ்ட்ரிப்புக்கு 230 வோல்ட்டில் கால் ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 15 மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்ட்ரிப்புக்கு அதைக் கொண்டுபோனால், போக வர 30 மீட்டரில் 2.7 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். மீதி 9.3 வோல்ட்டில் ஸ்ட்ரிப் சோகையாக எரியும். ‘ஸ்ட்ரிப் தரமில்லை’ என்று கடைக்காரரோடு சண்டை போடுவதற்கு முன் வயரைப் பாருங்கள். 24 வோல்ட் ஸ்ட்ரிப் வாங்கினால் ஆம்பியரும் பாதி, வழியில் கரையும் வோல்ட்டும் பாதி.

சோலார் விளக்கு தனி ஜாதி. பேனல், பேட்டரி, எல்இடி எல்லாம் ஒரே கூட்டில்; மீட்டரோடு எந்த உறவும் இல்லை. அதற்கு எல்டிஆர்கூடத் தேவையில்லாமல் இருக்கும். பேனலின் வோல்ட் விழுந்தாலே இருட்டிவிட்டது என்று தெரிந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடர்ந்து வெயில் இல்லையென்றால் நடு ராத்திரிக்கு முன்பே அடங்கிவிடும். பெட்டியில் எழுதியிருக்கும் வாட்ஸைப் பார்த்து வாங்காதீர்கள். உள்ளங்கை அகலப் பேனலை வைத்துக்கொண்டு 100 வாட் என்று போட்டிருப்பார்கள்.

## மழையும் எர்த்தும்

வெளியே பொருத்தும் எதற்கும் ஐபி எண் பாருங்கள். ஐபி என்பது தூசும் தண்ணீரும் உள்ளே போகாமல் எவ்வளவு தடுக்கும் என்பதற்கான குறியீடு. முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி65 என்றால் தூசு புகாது, குழாயில் பீய்ச்சியடிக்கும் தண்ணீரையும் தாங்கும். மழை நேராகப் படும் இடத்துக்கு அது வேண்டும். தண்ணீர் தேங்கும் இடத்தில் தரையோடு பதிப்பதற்கு ஐபி67. வீட்டுக்குள் வைக்கும் ஐபி20 மாட்யூலை கேட் தூணில் பிளாஸ்டிக் கவர் சுற்றி வைப்பது ஆபத்து.

வெளிவிளக்கு லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் இருக்க வேண்டும். இரும்பு கேட், ஈரத் தரை, வெறுங்கால் மூன்றும் சேரும் இடம் அது. முடிந்தால் அந்த லைனுக்கு மட்டும் தனியாக ஒன்று போடச் சொல்லுங்கள். கேட் தூண் விளக்கில் மழைத்தண்ணீர் இறங்கினால் அந்த லைன் மட்டும் அணையும். இல்லையென்றால் மழை ராத்திரியில் ஃபிரிட்ஜ் முதல் ஃபேன் வரை எல்லாம் நிற்கும். விளக்கின் உடம்பு உலோகமாக இருந்தால் பச்சை எர்த் வயரையும் அதில் முடுக்கியிருக்கிறார்களா என்று வேலை முடிவதற்குள் பார்த்துவிடுங்கள்; ‘இதுக்கெல்லாம் எர்த் வேணாம் சார்’ என்பார்கள், விட்டுவிடாதீர்கள்.

வயர் பெட்டிக்குள் நுழையும் ஓட்டை அடிப்பக்கம் இருக்கட்டும். நுழைவதற்கு முன் வயரை ஒரு சுற்று கீழே தாழவிட்டால் அதன்மேல் வழிந்து வரும் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மேலே ஓட்டை போட்டு சிலிக்கான் பூசிக் கொடுத்திருந்தால், மழைக்காலம் வருவதற்குள் மாற்றித் தரச் சொல்லுங்கள்.